கம்பளிக்கு அடியில்

முதலில் பூட்ஸைக் கழற்றுவாள். பிறகு காலுறையை. நாரின் என்ற மலையூரில் மார்ச் மாதத்தில் யாரும் வெறுங்காலோடு வெளியில் நிற்பதில்லை. பகலில் உருகுகிற பனி மாலைக்குள் மறுபடி கண்ணாடியாக இறுகிவிடும். புர்மாகான் அதையெல்லாம் பொருட்படுத்த மாட்டாள். காரின் கதவைத் திறந்து, வீட்டு வாசலில் விடுவதுபோல இரண்டு பூட்ஸையும் சேர்த்து வைத்துவிட்டு, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பாதங்களைத் தரைவிரிப்பின் மேல் பதிப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். வலது பாதம் மெல்ல முன்னால் நகரும். பெருவிரல் ஈரம் தேடி ஓரங்களைத் துழாவும். அப்புறம் இடது பாதம்.

“அக்கா மசூதிக்குள்ள போயாச்சு. யாரும் சத்தம் போடாதீங்க” என்பான் மாமிர், வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

“ஊசி குத்திக் குத்தி என் கை மரத்துப்போச்சுடா. கால் அப்படியில்ல. கால் பொய் சொல்லாது” என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

ஆற்றங்கரைச் சாலையில், நிலக்கரிக் கிடங்கை ஒட்டிய கொட்டகை அது. முன்பாதி மாமிருடையது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவதும், பட்டி பூசித் தேய்ப்பதும் அவன் வேலை. ஆறு வருடத்துக்கு முன் கோச்கோரிலிருந்து வந்தவன். பின்பாதியில், ஜன்னலோரமாக, புர்மாகானின் தையல் இயந்திரம். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிறாள். ஐம்பத்தாறு வயது; குள்ளமான, தடித்த உருவம். தலையில் கட்டிய துணியில் எப்போதும் நான்கைந்து ஊசிகள் குத்தியிருக்கும். பேசும்போது கை தானாகப் போய் அவற்றை எண்ணிப் பார்க்கும்.

உறை தைக்கிறவளுக்குத் துருவைப் பற்றி என்ன தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. உறை தைக்க வேண்டுமானால் இருக்கையைக் கழற்ற வேண்டும். இருக்கையைக் கழற்றினால் தரைவிரிப்பு தெரியும். அதைத் தூக்கினால், கார்க்காரர் பத்து வருடமாகப் பார்க்காததெல்லாம் தெரியும். காய்ந்த தயிர் உருண்டைகள், குழந்தையின் ஒற்றைக் கையுறை, யாரோ ஒரு பெண்ணின் காதணி. ஒரு முறை ஒரு பல் கிடைத்தது. கார்க்காரர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் அடியில் பல நேரம் தண்ணீர் இருக்கும். மற்ற தையல்காரிகள் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உறையை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இவளால் அது முடியவில்லை. இது எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்டபடி அந்தச் சின்னக் குட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நுழையிற இடத்துல அது நிக்கிறதே இல்ல. பின்னாடி நுழைஞ்சிட்டு முன்னாடி வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கும்” என்பாள், வீட்டுக்கு அடிக்கடி வரும் உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் கருவிகள் எதுவும் பணிமனைக் கருவிகள் இல்லை. துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியைக் கதவு ரப்பர் முழுக்கத் தேய்த்து, கதவை ஒரு முறை சாத்தித் திறப்பாள். எதிர்ச்சட்டத்தில் வெள்ளைக் கோடு பதிந்திருக்கும். கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே ரப்பர் ஒட்டவில்லை. பழைய காலுறைக்குள் போட்ட காந்தம் ஒன்று வைத்திருக்கிறாள். பளபளவென்று இருக்கும் கதவின் அடிப்பகுதியில் அதை நகர்த்திக்கொண்டே போவாள். காந்தம் பிடியை விட்டுத் தொங்கினால், பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அப்புறம் அந்தத் தேநீர்க் கெட்டில். மூக்கு நீண்டது, கைப்பிடி உடைந்தது. மற்றவர்கள் குழாயைத் திறந்து கார் முழுக்கப் பீய்ச்சுவார்கள். அவள் கெட்டிலால் கீழிருந்து ஊற்றத் தொடங்குவாள். முதலில் கதவின் அடி, பத்து நிமிடம். பிறகு கதவின் இடுப்பு. பிறகு ஜன்னல். கூரைக்குக் கடைசியில்தான் போவாள்.

“மேல ஊத்தினா எல்லாமே நனையும். அப்புறம் யாரைக் கேட்ப?”

கால்நடை மருத்துவரின் கார் கதை இன்றும் டாக்ஸி நிறுத்தத்தில் பேசப்படுகிறது. பின் இருக்கையின் இடப்பக்கம் கால் வைக்கிற இடத்தில் எப்போதும் ஈரம். மூன்று முறை கதவு ரப்பரை மாற்றிவிட்டார்கள். புர்மாகான் கெட்டிலோடு கீழிருந்து ஏறி, கூரைக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. கூரையில் திறந்து மூடும் கண்ணாடி. அதன் மூலையில் பென்சில் நுழையாத அளவுக்கு ஒரு துளை. மழைநீர் கதவோரக் கம்பத்துக்குள் இருக்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கிப் போவதற்கான வழி அது. ஜூன் மாதத்தில் ஊர் முழுக்கப் பறக்கும் பாப்லர் மரப் பஞ்சு அதை அடைத்திருந்தது. அவள் தன் கணவரின் பழைய கோமுஸ் வாத்தியத்திலிருந்து ஒரு நரம்பைக் கழற்றி வந்து துளைக்குள் விட்டு விட்டு எடுத்தாள். ஈரப் பஞ்சு திரியாக வெளியே வந்தது. கெட்டில் நீரை ஊற்றியதும் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்டியது. அந்தச் சொட்டைப் பார்க்க அவள் ஈரத் தரையில் படுத்தேவிட்டாள். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“மாட்டுக்கு மூத்திர அடைப்பு எடுத்த மாதிரி இருக்கே” என்றார் மருத்துவர்.

“உங்க வேலைதான், டாக்டர். என்ன, இது உதைக்காது.”

ஆனால் நாரினில் அவள் பெயர் பரவியது தண்ணீரால் அல்ல, கம்பளியால். பதினான்கு வருடத்துக்கு முன்பு வந்த அந்தக் கொடுங்குளிரில் டாக்ஸிக்காரர்கள் அவளிடம் வந்து நின்றார்கள். பழைய கார்களில் ஹீட்டர் முகத்துக்குத்தான் ஊதும். தலைநகரம் போய்ச் சேர்வதற்குள் பயணிகளுக்குக் கால் விறைத்துவிடும். கூடாரங்களுக்குப் போர்த்துவார்களே, ஆட்டு ரோமத்தை நனைத்து உருட்டி மிதித்துச் செய்கிற கெட்டிக் கம்பளி, அதை இரண்டு மடிப்பாக வைத்து, காரின் தரை வடிவத்துக்கே வெட்டி, தரைவிரிப்புக்கு அடியில் போட்டுக் கொடுத்தாள். ரோமம் உதிராமல் இருக்க ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் சுற்றித் தைத்தாள். மூடிப்போன தையல் ஆலையிலிருந்து வந்த பெரிய சிவப்பு நூல்கண்டு ஒன்று அவளிடம் இருந்தது. பத்தொன்பது கார்களுக்குப் போட்டாள். “புர்மாகான் கம்பளி போட்ட வண்டி” என்று சொல்லியே ஓட்டுநர்கள் ஆள் ஏற்றினார்கள்.

போன அக்டோபரில் இஷென் என்ற டாக்ஸிக்காரன் ஸ்டேஷன் வேகனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஜெர்மனியில் பிறந்து, நான்கு கை மாறி, இருபத்தெட்டு வயதான கார். ஏழு வருடமாக அதில்தான் தோலோன் கணவாயைத் தாண்டிப் போய்வருகிறான்.

“அக்கா, வண்டிக்குள்ள ஆட்டு வாடை. காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு கணவாயிலேர்ந்து மூக்கப் பொத்திக்கிட்டே வந்துச்சு.”

“டிக்கியில ஆடு ஏத்தினியா?”

“நாரின்ல ஆடு ஏத்தாத டிக்கி ஏது? மூணு தரம் கழுவிட்டேன். வாசனை அட்டைகூட மாட்டியிருக்கேன்.”

மாமிர் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தான். “ஆமாண்ணே. இப்ப பைன் காட்டுக்குள்ள ஆடு மேயுற மாதிரி இருக்கு.”

புர்மாகான் பூட்ஸைக் கழற்றினாள். முன்னால், பின்னால், இடம், வலம் என நான்கு இடத்திலும் பாதம் வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. “தரை காஞ்சு கிடக்கு. கவலைப்படாம ஓட்டு. அது ஆடுதான்” என்று அனுப்பிவைத்தாள். அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போய், குளிர்காலம் முழுக்க ஓட்டினான்.

மார்ச்சில் திரும்பி வந்தான். இந்த முறை வாடையைப் பற்றிப் பேசவில்லை.

“முன் சீட்டு லேசா ஆடுது, அக்கா. வளைவுல உக்காந்திருக்கிறவர் கதவைப் பிடிச்சிக்கிறார்.”

அவள் ஸ்பேனரை வைத்து இருக்கையின் போல்ட்டுகளைக் கழற்றினாள். முதல் இரண்டும் முரண்டு பிடித்துச் சுழன்று வந்தன. மூன்றாவதைச் சுழற்றவே வேண்டியிருக்கவில்லை. விரலால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது, சுற்றிலும் கருகிய ரொட்டிப் பொருக்குபோல ஒரு வளையம் இரும்போடு. புர்மாகான் அதை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பொடிந்தது.

இருக்கையை இறக்கிவிட்டுத் தரைவிரிப்பின் மூலையைத் தூக்கினாள். அடியில் சாம்பல் நிறக் கம்பளி. ஓரம் முழுக்கச் சிவப்பு நூல்.

மேலே தடவினால் காய்ந்துதான் இருந்தது, வெதுவெதுப்பாகக்கூட. அவள் முஷ்டியை வைத்து அழுத்தினாள். விரல் இடுக்குகளில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறி எழுந்தது. கையை எடுத்ததும் கம்பளி அதை மறுபடி உறிஞ்சிக்கொண்டது. ஈரம் பட்ட ஆட்டு ரோமத்தின் வாடை கொட்டகை முழுக்கப் பரவியது.

மாமிர் கம்பளியின் ஒரு முனையைப் புரட்டிப் போட்டுவிட்டு, திருப்புளியின் பிடியால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தான். டிங். டிங். டொக். அந்த இடத்தில் முனையை வைத்து லேசாக அழுத்தினான். பிடி வரைக்கும் உள்ளே போனது. குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தான்.

“என் பூட்ஸ் தெரியுது” என்றான். பிறகு நிமிர்ந்து, “எந்தப் புண்ணியவான் போட்டான் இதை? தகட்டுக்குப் போர்வை போத்தி, ஈரத்தையும் பக்கத்துல படுக்க வச்சிருக்கான். அந்த ஆளு கையில கிடைச்சா இதுலயே சுருட்டி ஆத்துல விடுவேன்.”

“நான் வாங்கும்போதே இருந்திருக்கும்” என்றான் இஷென். “பழைய ஓனர் ரஷ்யாவுக்குப் போயிட்டாரு. யாருன்னு போய்க் கேக்கிறது?”

புர்மாகான் கம்பளியை வெளியே இழுத்தாள். இரண்டு கைகளாலும் இழுக்கவேண்டியிருந்தது, நனைந்த ஆட்டைப்போல அவ்வளவு கனம். மடித்தாள். சிவப்பு ஓரம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்தாள். கம்பளி போட்ட காலத்தில் மாமிர் இந்த ஊரிலேயே இல்லை. இஷெனுக்குத் தெரியாது. போட்டவளைத் தெரிந்தவர் ரஷ்யாவில் இருக்கிறார். அவள் மடித்த கம்பளியின் மேல் ஒரு கையை வைத்தாள். மற்றக் கை தலைத்துணிக்குப் போய் ஊசிகளை எண்ணியது.

பிறகு தையல் இயந்திரத்தின் பக்கம் போனாள். கீழ்த்தட்டில் எதையோ தேடினாள். திரும்பி வந்து, மடித்ததைப் பிரித்து, சிவப்பு ஓரத்தின் மேல் பாதி தீர்ந்த சிவப்பு நூல்கண்டை வைத்தாள்.

“அந்தப் புண்ணியவான் நான்தான்டா” என்றாள்.

மாமிர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வெல்டிங் எதுவும் இல்லாததால் மறுபடி ஏற்றினான். இஷென் நூல்கண்டைப் பார்த்தான், தரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

“அக்டோபர்ல கால் வச்சுப் பார்த்தீங்களே, அக்கா.”

“பார்த்தேன். கம்பளி நனைஞ்சாலும் சில்லுன்னு இருக்காது. அதுக்காகத்தானே கூடாரத்துக்கே அதைப் போர்த்துறோம். எனக்குத் தெரியாததா? என் கால் சூட்டைச் சொல்லுச்சு. நான் அதைக் காஞ்சதுன்னு எடுத்துக்கிட்டேன்.”

“குளிர்காலம் பூரா இந்த சீட்டுல ஆள் உக்காந்து வந்திருக்காங்க.”

“தெரியும்.”

இஷென் கொட்டகை வாசலில் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வெட்கத்தில் முகம் சிவந்திருந்தபோதும் அவளால் ஒன்றை விட முடியவில்லை: தண்ணீர் எங்கிருந்து வந்தது? கெட்டிலை எடுத்தாள். கதவடியில் ஊற்றினாள், கதவின் இடுப்பில் ஊற்றினாள், தரை நனையவில்லை. முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் நிற்கும் பள்ளத்துக்கு வந்தாள். அங்கே ஊற்றிய நீர் கீழே இறங்காமல் தேங்கி, மெல்ல ஏறி, ஹீட்டருக்குக் காற்று போகிற வாய் வழியாக உள்ளே வழிந்தது. மூடியைக் கழற்றிக் கையை விட்டாள். பல வருடத்துப் பாப்லர் இலைகள் மட்கிக் கருப்புச் சேறாக வந்தன. ஒரு கை, இரண்டு கை, மூன்று கை.

“பாத்தியா மாமிர், கொஞ்சங் கொஞ்சமாத்தான் வந்திருக்கு. வெறும் தரைவிரிப்புன்னா மே மாசமே காஞ்சிருக்கும். டிரைவரும் ஈரத்தைப் பார்த்திருப்பாரு. கம்பளி குடிச்சிட்டுச் சொல்லாம இருந்திடுச்சு.” அந்தக் குரலில் ஒரு கணம் பழைய ஆர்வம் இருந்தது. பிறகு அது போய்விட்டது. விரல் மடக்கத் தொடங்கினாள்.

“பத்தொன்பது வண்டி. ஆறு உடைச்சுப் போட்டாச்சு. நாலு வெளியூர் போச்சு, அதுக்கெல்லாம் போன் பண்ணிக் கேக்கணும். இது ஒண்ணு. வீட்டு வண்டி மூணு. மிச்சம் அஞ்சும் டாக்ஸி நிறுத்தத்துல நிக்குது.”

மாமிர் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, வேற மாதிரி சொல்லலாமே. பழசாயிடுச்சு, கழட்டிக் கழுவித் தரேன்னு. நீங்க போட்டதாலதான் துருன்னு சொன்னீங்கன்னா அப்புறம் ஒருத்தன் சீட்டு உறைக்கு உங்ககிட்ட வரமாட்டான். கால் வச்சுப் பார்க்கவும் விடமாட்டான்.”

“கழுவ எடுக்கிறேன்னு சொன்னா, நௌரூஸ் பண்டிகை முடியட்டும்பான், மே மாசம் பார்க்கலாம்பான். சீட்டு கழண்டுரும்னு சொன்னாத்தான் இன்னைக்கே எறங்குவான்.”

மறுநாள் காலை டாக்ஸி நிறுத்தத்தில் நிலக்கரிப் புகையும் பெட்ரோல் வாடையுமாக இருந்தது. ஓட்டுநர்கள் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். வரிசையில் முதல் கார் கெனெஷினுடையது. அறுபத்து நான்கு வயது, வெள்ளைக் கம்பளித் தொப்பி. அந்த நிறுத்தத்துக்கே பெரியவர். மூன்று பேர் ஏறியிருந்தார்கள். நான்காவது ஆளுக்காக இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

“வா தங்கச்சி. என்ன, வண்டிங்களுக்கு நாடி பார்க்க வந்தியா?”

“கெனெஷ் அண்ணே, முன் சீட்ல இருக்கிறவங்களைக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க. தரையைப் பார்க்கணும். நான் போட்ட கம்பளி தண்ணியைப் பிடிச்சு வச்சுத் தகட்டைத் தின்னிருக்கு. இஷென் வண்டியில சீட்டு போல்ட்டு கையோட வந்துடுச்சு.”

ஓட்டுநர்கள் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“போட்டதும் நீங்க, தின்னுச்சுன்னு சொல்றதும் நீங்க.”

“பதினாலு வருசம் கழிச்சா சொல்லுவாங்க?”

“அவ வண்டிக்குக் கம்பளி போட்டாளா, துருவுக்குப் போட்டாளா?”

கெனெஷ் கையை உயர்த்தினார். “இஷென் வண்டியில ஓட்டை இருந்திருக்கும். என் வண்டி வேற. நீ போட்ட கம்பளிதான் தங்கச்சி, என் முட்டியைக் காப்பாத்திட்டு இருக்கு. அடுப்படி மாதிரி கதகதன்னு இருக்கு. நீயே காலை வச்சுப் பாரு. உன் கால்தான் பொய் சொல்லாதே.”

முன் இருக்கையில் ரொட்டி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண், இறங்குவதா வேண்டாமா என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புர்மாகான் அவள் மூட்டையை வாங்கி, கைகொடுத்து இறக்கிவிட்டாள். பிறகு திறந்த கதவின் பக்கத்தில், சேறும் பனியும் கலந்த தரையில், மண்டியிட்டாள். மேற்சட்டையின் வலது கையை முழங்கை வரை சுருட்டினாள். இடுப்பிலிருந்து தையல் பிரிக்கும் வளைந்த கத்தியை எடுத்தாள். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, பதினான்கு வருடத்துக்கு முன்பு தான் போட்ட சிவப்புத் தையலைத் தேடிப் பிடித்து, ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தாள். கம்பளியின் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவில் கையை மணிக்கட்டு வரை விட்டாள். அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தாள்.

கையை வெளியே எடுத்துக் கெனெஷின் முன்னால் நீட்டினாள். விரல்களிலிருந்து தேநீர் நிறத் தண்ணீர் அவர் பூட்ஸ் மேல் சொட்டியது. உள்ளங்கையில் துருப்பொருக்குகள் ஒட்டியிருந்தன.

கெனெஷ் அதைப் பார்த்தார். ஒரு பொருக்கை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. பின் இருக்கையில் இருந்த இரண்டு பேரும் சொல்லாமலே இறங்கினார்கள்.

“அடுத்த வண்டி யாருது?” என்றாள் புர்மாகான்.

ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டு, தள்ளி நின்றான். அவள் ஈரக் கையைத் துடைக்காமல், இடது கையின் சட்டையையும் முழங்கை வரை சுருட்டிக்கொண்டு போய், அந்தக் கதவருகில் பூட்ஸ் காலோடு மண்டியிட்டாள்.